இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டு

அக்டோபர் 31

அபிராமி இன்று பிற்பகல் திருச்சியிலிருந்து வந்து சேர்ந்தாள். வகுப்பு நாளில் விடுதியை விட்டு வருவது அவள் வழக்கமன்று. அவளாகச் சொல்லும்வரை காரணம் கேட்க வேண்டாம் என்று சுலோச்சனாவிடம் கூறியிருந்தேன். தாய்க்கு அந்தப் பொறுமை இல்லை. காப்பி ஆறுவதற்குள் கேட்டுவிட்டாள்.

விவரம் வருமாறு. அபிராமி படிப்பது வான்வெளிப் பொறியியல், அவர்கள் சொல்வதில் ஏரோஸ்பேஸ். மூன்றாம் ஆண்டு, ஐந்தாம் பருவம். தேர்வெழுத எழுபத்தைந்து விழுக்காடு வருகை வேண்டும். அவளுக்கு எழுபதுதான் இருக்கிறது. செப்டம்பரில் பெங்களூருவில் ஒரு மாதிரி விமானப் போட்டி நடந்தது. இவளும் மூன்று பையன்களும் சேர்ந்த குழு, அந்த விமானத்தைக் கட்டுவதற்காக வகுப்புக்குப் போகாமல் பட்டறையிலேயே கிடந்திருக்கிறது. துறைத் தலைவர் முனைவர் தேவசகாயம், "போங்கம்மா, ஓடி போட்டுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். ஓடி என்பது 'ஆன் டியூட்டி'. கல்லூரியின் பொருட்டு வெளியே இருந்த நாள்களையும் வகுப்புக்கு வந்ததாகவே கணக்கிடும் சலுகை.

போட்டியில் விமானம் எழும்பிய சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது. இப்போது துறைத் தலைவர், முன் அனுமதி கொடுத்ததாகத் தமக்கு நினைவில்லை என்கிறார். கோப்பையுடன் திரும்பியிருந்தால் நினைவிருந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம் சாட்சியம் ஆகாது.

எழுத்தில் வாங்கினாயா என்று கேட்டேன்.

"யாருப்பா அதெல்லாம் எழுத்துல வாங்குவா? சார்தான சொன்னாரு."

நவம்பர் 2

வழி ஒன்று இருக்கிறதாம். 'முன் அனுமதியின்றி வகுப்புக்கு வராமல் இருந்தது என் தவறு, மன்னிக்கவும்' என்று மாணவர் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டால், துறைத் தலைவர் பரிந்துரைப்பார், குறைவு மன்னிக்கப்படும், தேர்வெழுதலாம். மற்ற மூன்று பையன்களும் அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அபிராமி என்னைக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று வந்திருக்கிறாள்.

கொடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தினேன். 'முன் அனுமதியின்றி' என்ற சொற்கள் உண்மைக்கு மாறானவை. கையெழுத்திட்ட ஒப்புதல் ஒன்று கோப்பில் இருந்தால், நாளை எந்த ஒழுங்கு நடவடிக்கைக்கும் அதையே அடிப்படையாக்கலாம். இருபத்தெட்டு ஆண்டு வழக்கறிஞர் தொழிலில், கட்சிக்காரர்கள் வாதத்தில் தோற்றதைவிடத் தாமே கையெழுத்திட்ட தாளில் தோற்றதைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன்.

கடிதத்தை நானே வரைவதாகச் சொன்னேன்.

நவம்பர் 4

அபிராமியுடன் கல்லூரிக்குச் சென்றேன். என் வரைவு மூன்று பக்கம். 'ஏதேனும் வருந்தத்தக்க சூழ்நிலை ஏற்பட்டிருப்பின், எனது உரிமைகளுக்குப் பாதகமின்றி, அதன் பொருட்டு வருத்தம் தெரிவிக்கிறேன்' என்பது அதன் முக்கிய வாக்கியம். துறைத் தலைவர் முழுவதையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சார், இது மன்னிப்புக் கடிதமா, வக்கீல் நோட்டீஸா?"

பிறகு மரியாதையாகவே பேசினார். பெண் நன்றாகப் படிக்கிறாள்; ஒரு பக்கக் கடிதம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்றார். இந்தப் பருவத்தை அவள் தவறவிட்டால் அடுத்த ஆண்டு, கீழே உள்ள வகுப்போடு சேர்ந்து மறுபடி படிக்க வேண்டும். அந்த வகுப்புக்குக் கீழே வகுப்பே இல்லை. சேர்க்கை குறைந்ததால் கல்லூரி இந்தப் பிரிவில் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது. ஆகவே அடுத்த ஆண்டையும் விட்டால் பிறகு வழியில்லை என்பதையும் சொன்னார். அச்சுறுத்தும் தொனி இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். வரைவில் திருத்தம் செய்ய நான் உடன்படவில்லை.

திரும்பும் பேருந்தில் அபிராமி, "நான் கையெழுத்துப் போட்டுர்றேன்பா" என்றாள். ஏன் கூடாது என்பதை மணப்பாறை வரை விளக்கினேன். அங்கே முறுக்கு வாங்கினேன். அவள் சாப்பிடவில்லை.

நவம்பர் 7

கடிதம் கொடுப்பதற்கான கடைசி நாள் இன்று கடந்தது. கிணற்று மோட்டார் பழுது. ஆள் நாளை வருவதாகச் சொன்னார்.

நவம்பர் 12

உயர் நீதிமன்றக் கிளையில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்ய முடிவு. நான் திண்டுக்கல்லில் உரிமையியல் வழக்குகள் நடத்துபவன். கிளைக்குப் போவது ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான். எனினும் இதை நானே நடத்துவதாக இருக்கிறேன். சட்டக் கல்லூரித் தோழன் மாரிச்செல்வம் மதுரையில் இருக்கிறான். தாக்கல் முதலியவற்றைப் பார்த்துக்கொள்வான்.

பிரமாணப் பத்திரத்துக்காக, விமானம் ஏன் விழுந்தது என்று அபிராமியிடம் கேட்டேன். சமையலறையிலிருந்து நீளக் கரண்டியை எடுத்து வந்து ஒரு விரலின் மேல் கிடத்தினாள். கரண்டி அசையாமல் நிற்கும் புள்ளி ஒன்று உண்டு. விமானத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. சுமைப்பெட்டியைக் கடைசி நேரத்தில் சற்றுப் பின்னால் தள்ளிப் பொருத்தியதால் அந்தப் புள்ளி வால் பக்கம் நகர்ந்துவிட்டது. வால் கனத்தால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும்; இறக்கை காற்றைப் பிடித்திருக்கும் வரை போகும்; பிடி விட்டதும் கல் போல விழும். விழுவதற்கு முன் ஒரு கணம் அது மிக அழகாக ஏறியது என்றாள். கைகளை விரித்துக் காட்டினாள். அரை மணி நேரம் பேசினாள். அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பத்திரத்தில் சேர்க்கவில்லை. வழக்குக்குத் தொடர்பற்றது.

நவம்பர் 18

இடைக்கால உத்தரவு கிடைத்தது. மனுதாரர் தேர்வெழுத அனுமதிக்கப்படுகிறார். தேர்வு முடிவுகள் வெளியிடப்படலாகாது. இவ்வனுமதி மனுவின் இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டது. இதைக் கொண்டு மனுதாரர் பின்னர் எவ்விதச் சலுகையும் கோரலாகாது.

மனு நேர்த்தியாக வரையப்பட்டிருப்பதாக நீதியரசர் குறிப்பிட்டார். மாரிச்செல்வம் முதுகில் தட்டினான். வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னபோது சுலோச்சனா அழுதாள். இனிப்பு வாங்கிச் சென்றேன்.

உத்தரவின் கடைசி வாக்கியத்தை அபிராமிக்கு விளக்கவில்லை. அது எல்லா இடைக்கால உத்தரவுகளிலும் வரும் வாக்கியம்தான்.

டிசம்பர் 9

தேர்வுகள் முடிந்தன. நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

ஜனவரி 24

ஐந்தாம் பருவ முடிவுகள் வெளியாயின. அபிராமியின் பெயருக்கு எதிரே 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று இருக்கிறது. எதிர்பார்த்ததே. உடன் விமானம் கட்டிய பையன்களில் ஒருவன் கோகுலகிருஷ்ணன்; ஒரு பாடத்தில் தோற்றிருக்கிறான். அவனைத் தொலைபேசியில் அழைத்து இவள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது என் அறைவரை கேட்டது. "உனக்காச்சும் அரியர்னு ஒண்ணு இருக்குடா. எனக்கு அதுகூட இல்ல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மனம் தெளிந்துவிட்டாள் என்று கருதுகிறேன்.

பிப்ரவரி 15

கல்லூரி பதில் மனு தாக்கல் செய்திருக்கிறது. ஒன்பதாம் பத்தியை இரண்டு முறை படித்தேன். 'மனுதாரரின் தாயார் டிசம்பர் மாதம் துறைத் தலைவரை நேரில் சந்தித்து, தம் மகள் செய்தது தவறே என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார்.'

சுலோச்சனாவைக் கேட்டேன். மறுக்கவில்லை. தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் திருச்சிக்குச் சென்றிருக்கிறாள். ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். துறைத் தலைவர் பழத்தை வாங்கவில்லை. வழக்கு நிலுவையில் உள்ளதால் தம் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லி, நாற்காலி போட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

ஒப்புதல் என்பதன் சட்ட விளைவு தெரியுமா என்று கேட்டேன். குரலை உயர்த்தினேன் என்பதையும் குறித்துக்கொள்கிறேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஒப்புக்கிட்டா பாஸ் போடுவாங்கன்னா, நான் கொலையவே ஒப்புக்குவேங்க."

பிப்ரவரி 16

வீட்டில் பேச்சு இல்லை.

மார்ச் 10

பதிலுரை எழுதுவதற்கு மேலும் அவகாசம் கேட்டேன், வழங்கப்பட்டது. இது இரண்டாம் முறை. அவசரப்பட்டு அரைகுறையாகத் தாக்கல் செய்வதில் பயனில்லை. வாய்மொழி அனுமதி, நியாயமான எதிர்பார்ப்பு ஆகியவை குறித்துப் பிற மாநிலத் தீர்ப்புகளைத் திரட்டிவருகிறேன். நாற்பது பக்கம் வந்திருக்கிறது. மாரிச்செல்வம் பார்த்துவிட்டு, பத்துப் பக்கத்தில் முடி, பருவம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றான். அவன் எப்போதும் சுருக்கமானவன். கல்லூரி நாள்களில் அதனாலேயே மதிப்பெண் குறைவாக வாங்கினான்.

மார்ச் 26

ஞாயிறு. அபிராமி வந்திருந்தாள். விமானக் கட்டமைப்புப் புத்தகம் கூடத்தில் திறந்தபடி கிடந்தது. நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் அதே பக்கம். படிக்கவில்லையா என்று கேட்டதற்கு, அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"படிச்சா யாருக்குப்பா தெரியப்போகுது? நான் பாஸான்னு எனக்கே தெரியாது. போன செமஸ்டரே எங்க இருக்குன்னு தெரியாம இந்த செமஸ்டர் படிக்கிறேன்."

கோடைப் பயிற்சிக்கு ஒரு டிரோன் நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஐந்தாம் பருவ மதிப்பெண் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். இடைக்கால உத்தரவின் நகலை அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். பதில் வரவில்லை.

ஏப்ரல் 11

வழக்கு இறுதி விசாரணைக்கு வந்தது. நீதியரசர் கோப்பைப் பார்த்துவிட்டு, மாணவியின் எதிர்காலம் கருதி ஒரு வழி சொன்னார். மாணவி வருத்தம் தெரிவித்துச் சாதாரணமாக ஒரு கடிதம் தரட்டும்; கல்லூரி அதைப் பரிந்துரைக்கட்டும்; முடிவுகள் வெளியாகட்டும்; மனுவை முடித்துவைக்கலாம் என்றார். கல்லூரியின் வழக்கறிஞர் உடனே சம்மதித்தார். மனுதாரரிடம் கலந்து பேசிச் சொல்வதாக ஒரு வாரம் அவகாசம் பெற்றேன்.

வாய்மொழி அனுமதியின் தகுதி பற்றி, மாணவர் வருகை தொடர்பாக, நேரடியான தீர்ப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை. இவ்வழக்கில் காரணங்களுடன் ஒரு தீர்ப்பு வருமாயின், அது சட்ட இதழ்களில் இடம்பெறத் தக்கது. எத்தனையோ மாணவர்களுக்குப் பயன்படும்.

ஏப்ரல் 18

மனுதாரர் தரப்பு சமரசத்துக்கு உடன்படவில்லை என்று தெரிவித்தேன். நீதியரசர் ஒரு கணம் என்னைப் பார்த்தார்; கோடை விடுமுறைக்குப் பின் விசாரணை என்று குறித்தார்.

அபிராமிக்கு இந்த வாரம் மாதிரித் தேர்வுகள். இடையில் அவளைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை.

எரிவாயு உருளை பதிவு செய்தேன்.

மே 20

ஆறாம் பருவத் தேர்வும் முடிந்து அபிராமி வீட்டில் இருக்கிறாள். இதுவும் தற்காலிக அனுமதியில் எழுதியதே. பகலில் அதிகம் தூங்குகிறாள். அவள் அறைச் சுவரில் விமானங்களின் படங்கள் இருந்தன. சுண்ணாம்பு அடிப்பதற்காகக் கழற்றியவை மறுபடி மாட்டப்படவில்லை. மாட்டித் தரட்டுமா என்று கேட்டேன். சுவர் இப்படியே நன்றாக இருக்கிறது என்றாள்.

ஜூன் 13

மாரிச்செல்வம் ஒரு திருமணத்துக்காகத் திண்டுக்கல் வந்தவன், மறுநாள் மதியம் நம் வீட்டில் சாப்பிட்டான். பேச்சு வழக்கின் மேல் வந்தது. அபிராமி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஜட்ஜ் எறங்கி வந்து அவ்வளவு சொன்னாரு. ஒரு லெட்டர்தானம்மா. நீ ஏன் பிடிவாதமா வேணாம்னுட்ட?" என்று அவளிடம் கேட்டான்.

அபிராமி என்னைப் பார்த்தாள்.

"எப்பப்பா?"

ஏப்ரலில் என்றேன். மாரிச்செல்வம் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டான். அவள் ரசப் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள், சிந்தவில்லை. உள்ளே போய்விட்டாள். சுலோச்சனா வந்து மிச்சத்தைப் பரிமாறினாள். யாரும் மோர் கேட்கவில்லை.

ஜூன் 14

அபிராமி காலையில் என் அலுவல் அறைக்கு வந்தாள். கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தக் கடிதத்தை இப்போது கொடுக்க முடியுமா என்று கேட்டாள். கல்லூரியின் வழக்கறிஞரை அப்போதே தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். கல்லூரி இப்போது அதற்கு உடன்படவில்லை. அன்று நீதிமன்றத்தில் மறுத்தது நாங்கள்தான் என்று நினைவூட்டினார்.

அப்படியென்றால் மனுவைத் திரும்பப் பெற வேண்டும் என்றாள். வழக்கு நிலுவையில் இருக்கும்வரை கல்லூரி அவளை மறுசேர்க்கை செய்யாது. கீழே உள்ள அந்தக் கடைசி வகுப்புக்கு ஐந்தாம் பருவம் ஜூன் இருபத்தாறில் தொடங்குகிறது. மறுசேர்க்கைக்கு ஜூலை முதல் வாரம்வரைதான் இடமுண்டு.

மனுவைத் திரும்பப் பெற்றால் அவள் எழுதிய இரண்டு பருவத் தேர்வுகளும் எழுதாதவை ஆகிவிடும், ஓராண்டு உழைப்பு வீணாகும், இன்னும் இரண்டு விசாரணைகளில் தீர்ப்பே கிடைத்துவிடும் என்று எடுத்துரைத்தேன். கடைசிவரை கேட்டாள்.

"நான் சொன்னது இன்ஸ்ட்ரக்ஷன்பா. கிளையண்ட்டோட இன்ஸ்ட்ரக்ஷன்."

அடுத்த விசாரணைவரை யோசிக்கும்படி கூறினேன்.

ஜூன் 21

அபிராமி, தோழியைப் பார்க்க மதுரைக்குப் போய் வந்தாள். சுலோச்சனாதான் பேருந்து நிலையம்வரை சென்று ஏற்றிவிட்டாள்.

ஜூன் 23

வழக்கறிஞர் சங்க அறையில் இருந்தேன். மாரிச்செல்வம் உள்ளே வந்தான். இங்கே அவனுக்கு வழக்கு எதுவும் இல்லை. தேநீர் சொன்னேன், வேண்டாம் என்றான். பையிலிருந்து ஒரு வக்காலத்தை எடுத்து மேசையில் வைத்தான். மனுதாரர் அபிராமியின் கையெழுத்து கீழே இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கட்சிக்காரர் வழக்கறிஞரை மாற்ற விரும்பினால், பழைய வழக்கறிஞர் புதிய வக்காலத்தின் மீது 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். கட்டணப் பாக்கிக்காகச் சிலர் மறுப்பதுண்டு. நான் ஒருபோதும் மறுத்ததில்லை. நம்பிக்கை போன பிறகு கட்சிக்காரரைப் பிடித்துவைப்பது தகாது என்று இளையவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

"பத்ரா, பிள்ளை என்கிட்ட அழுகல. அழுதிருந்தா உன்கிட்டத் திருப்பி அனுப்பியிருப்பேன். போட்டுரு."

என்னிடமே கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டுச்சாமே."

எழுதினேன். என் பெயரையும் பதிவு எண்ணையும் தேதியையும் இட்டேன். வீரபத்திரன் என்று கையொப்பமிட்டேன். மாரிச்செல்வம் தாளை மடித்துக்கொண்டான். பிற்பகலில் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் குறுக்கு விசாரணை இருந்தது. செய்தேன்.

ஜூலை 4

திரும்பப் பெறுவதற்காக மனு இன்னும் விசாரணைப் பட்டியலில் வரவில்லை. மாரிச்செல்வம் முயன்றுகொண்டிருக்கிறான். பத்துப் பக்கத்தில் முடி என்று மார்ச்சில் அவன் சொன்னதை இங்கே குறிப்பிட வேண்டிய அவசியம் இல்லை.

ஜூலை 7

மறுசேர்க்கைக்குக் கடைசி நாள்.

ஜூலை 19

'திரும்பப் பெறப்பட்டதால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.' ஒரே வரி. என் நாற்பது பக்கத்தை யாரும் படிக்க நேரவில்லை.

ஜூலை 28

அபிராமி உத்தரவு நகலுடன் கல்லூரிக்குச் சென்றாள். நான் வருவதாகச் சொன்னேன். அம்மா வருவாள் என்றாள். நான் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டேன். மாலையில் சுலோச்சனா சொன்னவற்றைக் குறிக்கிறேன்.

துறைத் தலைவர் தேவசகாயம் தாமே முதல்வரிடம் அழைத்துச் சென்றிருக்கிறார். பல்கலைக்கழகத்துக்கும் தொலைபேசியில் பேசிப் பார்த்திருக்கிறார். மறுசேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது, விதிவிலக்கு இல்லை, அடுத்த ஆண்டு சேரலாம் என்றால் சேர்வதற்கு வகுப்பு இல்லை. வேறு கல்லூரிக்கு மாறுவதற்கும் காலம் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு முயன்றாலும் இந்தப் பாடத்திட்டம் மாறியிருக்கும், முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வெளியே வந்தபோது பட்டறை வாசலில் கடைசி வகுப்புப் பிள்ளைகள் ஓர் இறக்கைக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்களாம். அபிராமி நின்று பார்த்தாளாம். ஒரு பையனிடம் பசை அதிகம், காய்ந்ததும் இழுக்கும் என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

ஆகஸ்ட் 3

துணைவேந்தருக்கு ஒரு முறையீடு வரையத் தொடங்கினேன். காலை காப்பி கொண்டுவந்த அபிராமி மேசையின் மேல் இருந்த தாளைப் பார்த்தாள்.

"வேணாம்ப்பா. என் பேர்ல எதுவும் எழுதாதீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். தாளை மேசை இழுப்பறையில் வைத்தேன். பிறகு எடுத்துக் கிழித்தேன்.

ஆகஸ்ட் 21

கணினியின் முன் உட்கார்ந்து ஏதோ நிரப்பிக்கொண்டிருந்தாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே புதிதாகத் திறந்திருக்கும் கண் மருத்துவமனையில் வரவேற்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்களாம். அவளுடைய ப்ளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் பீரோவில் என்னிடம்தான் இருக்கிறது. அசல் வேண்டும் என்று கேட்டாள்.

எடுத்துக் கொடுத்தேன். இயற்பியலில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று சொல்ல வந்தேன். அவளுக்குத் தெரியாதது அல்ல. அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தேன். 'உயர்ந்தபட்சக் கல்வித் தகுதி' என்ற இடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு என்று இட்டிருந்தாள். அதற்கடுத்த இரண்டு கட்டங்களில் 'பட்டம்', 'பல்கலைக்கழகம்' என்று இருந்தன. இரண்டிலும் 'இல்லை' என்று தட்டச்சு செய்திருந்தாள்.

"சரியா இருக்காப்பா?" என்று கேட்டாள்.

முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். உண்மைக்கு மாறாக ஒரு சொல்லும் இல்லை. சரியாக இருக்கிறது என்றேன்.